ஸாருக்குப் பக்கத்து இடம்

ஜனவரி 6

தையல் டீச்சராக இருந்த காலத்தில் கல்யாணத்துக்கு அளவெடுத்திருக்கிறேன், ஞானஸ்நானத்துக்கு அளவெடுத்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டகமாக நடித்த இரண்டு பையன்களைச் சேர்த்து நிறுத்தியும் அளவெடுத்திருக்கிறேன். இன்று காலை காப்பி குடித்து முடித்ததும் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஹாலில் விறைப்பாக நின்றுகொண்டு, "ஏட்டி பியூலா, டேப்ப எடுத்துட்டு வா. எனக்கு அளவெடு" என்றார்.

"என்ன தைக்க?"

"கடைசி உடுப்பு."

டேப்பை அவர் மேலேயே விட்டெறிந்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார். உயிரியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடம் கிடையாது. ஒரு குடும்பத்துக் குழியைத் திறந்து அதிலேயே அடுத்தவரை வைப்பதுதான் வழக்கம். மாமியாரை வைப்பதற்காக மாமனாரின் குழியைத் திறந்தார்கள். மாமனார் போய் எத்தனையோ வருஷம். சிமெண்டு பூசிய குழி, உள்ளே தகரம் அடித்த பெட்டி, நைலான் சட்டை. மண் அவரைத் தொடவே இல்லை. இவர்தான் எட்டிப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று என்னிடம் இன்றுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு இவருக்கு ஒரே பேச்சு. ஊருக்குத் தெற்கே தேரிக்காட்டில், அந்தச் செம்மணல் மேட்டில், எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பு இருக்கிறது. அதை இயற்கையான கல்லறைத் தோட்டமாக ஆக்கப் போகிறாராம். எந்தச் சாதியும், எந்தச் சபையும் வரலாமாம். உடம்புக்கு மருந்து ஏற்றக் கூடாது, பெட்டி கூடாது, சிமெண்டு கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, பனையோலைப் பாயில் கிடத்தி, மூன்று நாலடி ஆழத்தில் வைத்தால் போதும். மேல்மண்ணில்தான் உயிர் இருக்கிறதாம், ரொம்ப ஆழத்துக்குப் போனால் காற்றும் இல்லை, புழுவும் இல்லையாம். கல்லுக்குப் பதில் ஒரு வேப்பங்கன்று.

"எனக்கு இப்படித்தான் செய்யணும். தம்பி மோகன் வருவான், உன் மக வருவா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாவ. நீ விடக்கூடாது. சரின்னு சொல்லு."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "சரி, சரி" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஜனவரி 21

காடாத் துணி கிடைத்துவிட்டது. நூல்தான் கிடைக்கவில்லை. இப்போது கடையில் இருக்கிற நூல் எல்லாம் பாலியஸ்டர். அது மண்ணில் மக்காதாம், இவர் விடமாட்டேன் என்கிறார். தூத்துக்குடியில் ஒரு பழைய கடையில் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் "என்ன டீச்சர், பிள்ளைக்கித் தொட்டில் கட்டவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தைத்து முடித்ததும் இவர் துணியைத் தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தார். ஆறடி மனுஷர். "கால்மாட்டுல கொஞ்சம் தாராளமா விட்டிருக்க. நல்லது" என்றார். நான் எழுந்திருக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

பிப்ரவரி 14

பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கோமதிநாயகம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வடிவு. வடிவுக்குக் கேன்சர், ஈரல் வரை போய்விட்டது. தலையில் பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு பேருந்தில் சன்னலோரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

அவருக்கு இதில் விருப்பமே இல்லை. "கரண்டுல வச்சா அரைமணிக்கூர்ல முடிஞ்சிரும் ஸார். இவதான் அடம்புடிக்கா" என்றார். வடிவு அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "எனக்குச் சூடு ஆகாது ஸார். கீமோ போட்டதுலருந்து ஒடம்பெல்லாம் எரியுது. மண்ணுன்னா குளுகுளுன்னு இருக்கும்லா" என்றாள்.

இவர் தோப்புக்குக் கூட்டிப்போய் அவளுக்குக் குழி வெட்டிக் காட்டினார். தேரி மணலில் குழி நிற்காது, வெட்ட வெட்டச் சரிந்து வரும். முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும், சரிவாக வெட்ட வேண்டும். ஒரு பெரிய முந்திரி மரத்தடியில் பல வருஷமாக இலையும் சருகும் கொட்டிக் கொட்டி மண்ணைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறார். அதை ஒரு கை அள்ளி வடிவிடம் கொடுத்தார். மோந்து பார்த்தாள்.

"நல்ல வாசமா இருக்கு ஸார். ஆனா இங்க ஆளரவமே இல்லையே. தனியாவா கெடக்கணும்?"

"மொதல்ல நான்தான் வருவேன். எனக்குத்தான் வயசு கூட. நீங்க வரும்போது நான் இருப்பேன், பேச்சுத் துணைக்கி" என்றார் இவர். வடிவு அப்படிச் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 4

நெஞ்சு கரிக்கிறதாம். வாயுவாக இருக்கும். இஞ்சிச் சாறு கொடுத்தேன்.

மார்ச் 5

போய்விட்டார்.

மார்ச் 10

எல்லாம் முடிந்தது.

மகள் ஷெரின் டொரண்டோவிலிருந்து வந்து சேரும்வரை பிணவறையில் வைத்தோம். மருந்து ஏற்றினார்கள், ஏற்றாமல் எப்படி. கோட்டு சூட்டு. தேக்குப் பெட்டி, உள்ளே வெள்ளை சாட்டின், வெள்ளி நிறத்தில் கைப்பிடி, முகம் தெரியக் கண்ணாடி. சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வைத்திருந்த இடத்தை விட்டுக்கொடுத்தார், அதில் சிமெண்டுக் குழி. எல்லாவற்றையும் கொழுந்தன் மோகன்தான் பார்த்துக்கொண்டார். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார், நாலு பேரைத் தெரியும். அந்த நேரத்தில் நான் என்ன பேச முடியும்? ஒரு பொம்பளை, அழுதுகொண்டு ஒரு மூலையில் கிடந்தவள். யார் என்னைக் கேட்டார்கள்?

கூட்டம் ரொம்ப. நேரலைக்குக் கேமரா வைத்திருந்தார்கள். மோகன் மனைவி ஹெலனின் அப்பா அடக்கத்தைவிட இதுதான் பெரிசு என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

மார்ச் 11

பீரோவைத் திறந்தேன். காடாத் துணி மடித்தபடியே இருக்கிறது. மூடிவிட்டேன்.

ஏப்ரல் 6

கல் வைத்தாயிற்று. கறுப்புக் கிரானைட். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கல். அவர் பெயர், பிறந்த தேதி, போன தேதி. பக்கத்தில் என் பெயர், பிறந்த தேதி, ஒரு கோடு, அப்புறம் வெறும் இடம். இப்போதே வெட்டிவிட்டால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்று கல் கடைக்காரர் சொன்னார். என் பெயரைக் கல்லில் பார்க்கப் பயமாக இல்லை. கூட இருக்கிற மாதிரி இருந்தது.

கல் நன்றாக மின்னுகிறது. வெயிலில் கை வைக்க முடியவில்லை.

ஏப்ரல் 24

தோப்புக்கு அனுமதி வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தீர்மானம், கலெக்டர் ஆபீஸ் உத்தரவு, எல்லாம் அவர் பெயருக்கு. ஒன்றரை வருஷம் நடையாக நடந்தாரே. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, இயேசுசாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுச் சாயங்காலம்வரை அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு மாவு அரைத்தேன்.

மே 8

இன்று நான் செய்ததை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அவர் போனதைக் கேள்விப்பட்டு, வடிவும் கோமதிநாயகமும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். இந்தத் தடவை கார். வடிவுக்குப் பேருந்தில் உட்கார முடியவில்லை. தோப்புக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஸார எங்க வச்சிருக்கிய டீச்சர்?"

நான் வாயைத் திறக்கத்தான் திறந்தேன். ஸார் ஊரில், சிமெண்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார் என்று சொல்லத்தான் திறந்தேன். என் கை தானாகப் போய் அந்தப் பெரிய முந்திரி மரத்தடியைக் காட்டியது. சருகு கொட்டிக் கொட்டி அங்கே லேசாக மேடாகத்தான் இருக்கும்.

வடிவு மெதுவாக நடந்து அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "சொன்ன மாதிரியே முந்திட்டியளே ஸார்" என்றாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "இதுக்குப் பக்கத்துல எனக்கு. தெரிஞ்ச மனுஷன் பக்கத்துல இருந்தா பயமில்ல" என்றாள். கோமதிநாயகம் முதல் தடவையாகத் தலையாட்டினார். "ஸாரே இங்கதான் கெடக்காவன்னா எனக்கும் சம்மதந்தான் டீச்சர். நான் நெனச்சேன், வாத்தியார்மாரு ஊருக்குத்தான் உபதேசம் பண்ணுவாவன்னு."

எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினேன்.

மே 19

செய்தி பரவிவிட்டது. "ஞானதுரை ஸாரே அங்கதான் போயிருக்காங்க" என்று யாரோ எழுதி, யாரோ படித்து, இன்னும் நாலு குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து ஒருவர் போனில், "உங்க தைரியம் யாருக்கும் வராதும்மா" என்றார். நன்றி சொன்னேன்.

உள்ளூர்க்காரர்களுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். ஆனால் தேரிக்கு இந்த ஊர்க்காரர் யாரும் வருவதில்லை. வெளியூர்க்காரர் யாரும் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதில்லை. இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் என் பிழைப்பு ஓடுகிறது.

ஜூன் 15

ஆனிக் காற்று. தேரியில் மணல் பறக்கிறது. முந்திரி மரத்தடி மேடு இருந்த இடம் தெரியவில்லை, தரை சப்பென்று கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நல்ல சேலையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி குவித்தேன். ஓரத்தில் நாலு கல் வைத்தேன். முட்டிவலி உயிர் போகிறது. என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பாக வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 29

இன்று மோகன் வீட்டில் அசிங்கமாகிவிட்டது. அவர்கள் பேரன் பிறந்தநாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மோகன் சாதாரணமாகத்தான் கேட்டார்: "மயினி, தோப்பு வேலை எப்படிப் போகுது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "தோப்பப் பத்தி நீரு கேக்கப்பிடாது. உம்ம அண்ணன் ஆசையக் கெடுத்ததே நீருதான். ஓலப்பாயில போக வேண்டிய மனுஷனக் கொண்டுபோய் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சீரு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மோகன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஹெலன்தான் வெடித்துவிட்டாள்.

"எக்கா, போதும். இவிய மூணு மாசமா வாயத் தெறக்கல, நான் தெறக்கேன். அன்னைக்கி ஆஸ்பத்திரி வாசல்ல இவிய உங்ககிட்டக் கேட்டாவளா இல்லையா? 'மயினி, அண்ணன் தேரியிலதான வைக்கச் சொன்னாவ, துணி தச்சி வச்சிருக்கியளாமே, எடுத்துட்டு வரவா'ன்னு கேட்டாவளா இல்லையா? நீங்க என்ன சொன்னிய? 'அது சும்மா வெளையாட்டுக்கு. நல்ல பெட்டியாப் பாரும், உம்ம மாமனாருக்கு வாங்குனத விட நல்லதா'ன்னு சொன்னிய. எங்க அப்பாவ இழுத்துச் சொன்னிய. நான் பக்கத்துலதான் நின்னேன்."

மோகன், "ஏ, விடு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பேரனுக்கு வாங்கிய சட்டையைக் கொடுக்காமலேயே வந்துவிட்டேன்.

ஜூலை 2

மார்ச் 10 அன்று நான் எழுதியதைப் படித்தேன். "யார் என்னைக் கேட்டார்கள்" என்று எழுதியிருக்கிறேன். மோகன் கேட்டார். கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, அவர் கண் சிவந்திருந்தது.

எதற்கு அப்படிச் சொன்னேன்? பெருமைக்குத்தான் என்று ஹெலன் நினைக்கிறாள். பெருமையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது பாதிதான். அவர் முகத்தில் மண் விழும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூக்கில், கண் இமையில், அவர் ஷேவ் செய்யும்போது எப்போதும் விட்டுவிடுகிற அந்தக் காதோர முடியில் செம்மண் விழும். அதை நினைத்துத்தான் பயந்தேன். கண்ணாடி வைத்த பெட்டி என்றதும் நிம்மதியாக இருந்தது. அவருக்கு நிம்மதியா என்று யோசிக்கவில்லை. நான் என்னை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 12

போதகரிடம் கேட்டேன். அவரை எடுத்துத் தோப்பில் வைக்க முடியுமா என்று. மெதுவாகத்தான் சொன்னார்: ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், காரணம் கேட்பார்கள், கமிட்டி சம்மதிக்காது. "எல்லாத்தையும் விடுங்கம்மா. மருந்து ஏத்தின உடம்பு. அத எடுத்து மண்ணுல வச்சாலும் ஸார் சொன்ன மாதிரி நடக்காது. மருந்துதான் மண்ணுக்குப் போகும்." ஷெரினுக்குப் போன் செய்தேன். "அப்பாவத் தோண்டி எடுக்கப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று அழுதாள்.

அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. சாத்தியது நான்.

ஜூலை 30

வடிவைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பேருந்தில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன்.

வடிவு கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. மஞ்சள் பூப்போட்ட பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில்தான் சுற்ற வேண்டுமாம், நான்தான் ஓரம் அடித்துக் கொடுக்க வேண்டுமாம். "பாலீஸ்டர் நூல் போட்டிராதிய, ஸார் ஏசுவாவ" என்றாள். பருத்தி நூல்தான் போடுவேன் என்றேன்.

"டீச்சர், ராத்திரியில பயந்து வரும்லா, அப்பம் அந்த மரத்த நெனச்சிக்கிடுவேன். ஸார் அங்க இருக்காவன்னு நெனச்சாத் தூக்கம் வந்துரும்."

அவள் தலைமாட்டில் தண்ணீர் இல்லை. ஊற்றி வைத்துவிட்டு, சேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதைக் கருணை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம். மார்ச் மாசத்துப் பயம்தான் இதுவும்.

ஆகஸ்ட் 18

கோமதிநாயகம் போன் செய்தார். விடியற்காலம் வடிவு போய்விட்டாள். சாயங்காலம் கொண்டுவருகிறார்கள். குழி இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் அனுப்பியிருக்கிறேன். சேலைக்கு ஓரம் அடித்தாகிவிட்டது. பருத்தி நூல்தான்.

ஆகஸ்ட் 19

நேற்றையது.

சாயங்காலம் வெளியூரிலிருந்து குழி வெட்டுகிறவர் இரண்டு பேர் வந்து மரத்தடியில் அளவு வைத்தார்கள். ஒருவர் சும்மா வேலைக்காகத்தான் கேட்டார்: "டீச்சர், ஸார் குழி எதுவரைக்கும் வருது? மண்வெட்டி பட்டுரப்பிடாதுல்லா." நான் சருகைக் காலால் ஒதுக்கினேன். அவர் மறுபடி கேட்டார். அதற்குள் வண்டி வந்துவிட்டது. வடிவை இறக்கி, நான் ஓரம் அடித்த சுங்குடிச் சேலையில் சுற்றி, ஓலைப் பாயில் கிடத்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் வைத்தார்கள். கோமதிநாயகமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"தள்ளி வெட்டச் சொல்லுங்க டீச்சர், ஸார்மேல படாம."

"அங்க ஸார் இல்ல" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கியது, சரி என்றது, ஆஸ்பத்திரி வாசல், கண்ணாடிப் பெட்டி, கல்லில் என் பெயர், காற்று கலைத்த மேட்டை நான் மறுபடி குவித்தது. நின்றுகொண்டு பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கேட்டார்கள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நேத்துக்கூடச் சொன்னா டீச்சர். 'ஸார் இருக்காவல்லா, எனக்கென்ன பயம்'னு. அதச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா. இப்ப நான் என்ன செய்ய? அவள எழுப்பி, ஸார் இங்க இல்லட்டின்னு சொல்லவா?"

அவருடைய மைத்துனர் ஒருவர், "அத்தான், வண்டியத் திருப்பச் சொல்லவா? டவுன்ல கரண்டு சுடுகாட்டுக்குப் போயிருவோம்" என்றார். தோப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். ஸார் நடந்த ஒன்றரை வருஷம், அவர் கொட்டிய சருகு, எல்லாம். கோமதிநாயகம் வடிவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தார். பிறகு வெட்டுகிறவரைப் பார்த்து, "அவ கேட்ட எடத்துலயே வெட்டுப்பா. அவளுக்குச் சூடு ஆகாது" என்றார்.

வெட்டினார்கள். நனைந்த மணல் நன்றாக நின்றது. குழியில் முதலில் சருகு, பிறகு வடிவு, மேலே மறுபடி வேப்பிலையும் முந்திரி இலையும் தாராளமாக. முகத்தைச் சேலை மூடியிருந்தது, சேலையைப் பாய் மூடியிருந்தது, பாயை இலை மூடியிருந்தது. நான் கண்ணை மூடாமல் நின்றேன். முதல் கூடை மண் விழுந்தபோது இலைச் சத்தம்தான் கேட்டது. மழை பிடிக்கிற மாதிரி. அவ்வளவுதான். நான் பயந்தது எதுவும் அங்கே இல்லை.

இதைத்தான் அவருக்குக் கொடுக்காமல் விட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வடிவுக்காக அழுகிறேன் என்று அவள் ஆட்கள் நினைக்கவில்லை, நினைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை.

செப்டம்பர் 7

பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். இரண்டு குடும்பம் விலகிக்கொண்டது. ஒருவர் போனை வைத்துவிட்டார். திருச்செந்தூர்க்காரர் மட்டும், "உங்களப் பாத்து இல்லம்மா, நான் மண்ணப் பாத்துத்தான் பேரு குடுத்தேன்" என்றார்.

மோகன் வீட்டுக்கும் போனேன். பேரன் சட்டையைக் கொடுத்தேன். மோகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்ன மயினி நீங்க" என்று கூச்சப்பட்டு மாடிக்குப் போய்விட்டார். ஹெலன் காப்பி போட்டாள். சீனி கூடப் போட்டிருந்தாள், அதுவே பெரிது.

செப்டம்பர் 15

கோமதிநாயகம் வாரா வாரம் வந்து வடிவின் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். என்னிடம் பேசுவதில்லை. நான் வாளி எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். இன்று பேசினார்.

"அவ பக்கத்துல எடம் காலியாக் கெடக்கு டீச்சர்."

"ஆமா."

"ஆளு இருக்குன்னு நம்பி வந்தவ. தனியாக் கெடக்கா. எனக்கு ராத்திரி தூக்கமில்ல."

"நீங்க ஒரு பக்கம் வருவிய."

"நான் வருவேன். இன்னொரு பக்கம்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி வாளியைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் கோடும் வெறும் இடமும் கண்முன் வந்தது. அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம், என்றைக்காவது நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை வைத்துத்தான் நானும் இத்தனை மாசம் தூங்கியிருக்கிறேன். வடிவு மரத்தை நினைத்துக்கொண்ட மாதிரி.

"நான் வாரேன்" என்றேன்.

"வாயாலச் சொல்லாதிய. ஸார்கிட்டயும் சரின்னுதான் சொன்னிய."

அடித்த மாதிரி இருந்தது. ஆனால் கணக்காகத்தான் அடித்தார்.

செப்டம்பர் 28

கல் கொத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மோகனும் வந்தார். என் பெயரையும் தேதியையும் கோட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். "பாலிஷ் போயிரும்மா, தழும்பு மாதிரித் தெரியும்" என்றார். தெரியட்டும் என்றேன்.

உளி விழுந்த ஒவ்வொரு தடவையும் மோகன் முகத்தைச் சுளித்தார். "மயினி, அண்ணன் தனியா இருப்பாவளே" என்றார்.

"அன்னைக்கே தனியா விட்டாச்சு மோகன். அவியளுக்குக் குடுக்க வேண்டியத எடுத்து, நான் வடிவுக்குக் குடுக்கேன். இருக்கதுல ஒண்ணாவது நெறவேறட்டும்."

கொத்தி முடிந்ததும் கல்லைத் துடைத்தேன். அவர் பெயர் மட்டும் ஒரு ஓரமாக இருக்கிறது. பக்கத்தில் சொரசொரப்பாக ஒரு பட்டை. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். இனி பக்கத்தில் வந்து சொல்ல முடியாது, அதனால் இங்கேயே.

ஷெரினிடம் போனில் சொன்னேன். என்னைப் பெட்டியில் வைக்கக் கூடாது, உனக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே தேரியில், வடிவு பக்கத்தில். அவள் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், ஏதோ மீட்டிங். "சரிம்மா, சரி" என்றாள். எனக்கு அந்தச் சரியை நன்றாகத் தெரியும். அவள்மேல் கோபம் இல்லை. மோகனிடம் ஒரு தடவையும், கோமதிநாயகத்திடம் ஒரு தடவையும் சொல்லி வைத்தேன். மோகன் என்மேல் பாசமுள்ளவர், கடைசி நேரத்தில் மனசு இளகிவிடும். கோமதிநாயகத்துக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அவர் விடமாட்டார்.

சாயங்காலம் பீரோவைத் திறந்து காடாத் துணியை எடுத்தேன். தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ஆறடி மனுஷருக்குத் தைத்தது, கால்மாட்டில் தாராளம் வேறு. எனக்கு ரொம்பவே அதிகம். சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தேன். வெட்ட வரவில்லை. அப்படியே உள்ளே மடித்து, மிச்சமிருந்த பருத்தி நூலில் நீளத் தையல் ஓட்டிவிட்டேன். மடித்த துணி அவருடையது. அது என்னோடு வரட்டும்.